எந்த வேலைக்கு நல்ல சம்பளம்? தங்கவயல் போட்டுக் காட்டும் கணக்கு

பி.யூ.சி. (பிளஸ் டூ) ரிசல்ட் வரும் நாட்களில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், சாம்பியன் ரீஃப் என்று கோலார் தங்கவயலில் எந்தப் பக்கம் போனாலும் வீடுகளில் ஒரே பேச்சுதான். கம்ப்யூட்டர் சயின்ஸா, நர்சிங்கா, ஐ.டி.ஐ.யா, பி.காம். முடித்துவிட்டு பெங்களூரில் ஏதாவது கம்பெனியா? எதில் சேர்த்தால் பிள்ளை நாலு காசு பார்க்கும்? எல்லா ஊரிலும் கேட்கிற கேள்விதான் இது. ஆனால் அதற்கு விடை தேடத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்துக் கொடுத்த மண் இது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு அந்த வேலை நின்றது. ஒரு தொழில் பிறந்து, ஊரைக் கட்டி, உச்சிக்குப் போய், சரிந்து, மூடப்பட்டது வரை ஒரே இடத்தில் நடந்திருப்பதால், நல்ல சம்பளம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்பதை இங்கே அருகில் இருந்து பார்க்கலாம்.

1870களில் மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டத் தொடங்கினார். அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகுதான் தங்கம் தங்கமாக வந்தது. அந்தக் கம்பெனி இரண்டு வகையான ஆட்களைக் கொண்டுவந்தது. ஒரு வகை, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். அவர்கள் ஊரில் செம்பும் வெள்ளீயமும் விலை விழுந்து சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, கோலார் என்று கிளம்பிவிட்டவர்கள். மற்றொரு வகை, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள்.

இரு தரப்பும் ஒரே குழிக்குள் இறங்கின. ஆனால் சம்பளத்தில் இருந்த தூரம் மலைக்கும் மடுவுக்கும். கார்ன்வால்காரருக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தமிழ்த் தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வேய்ந்த ஒற்றை அறை வீடு. இதற்கு நிறவெறி முக்கியமான காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது, இன்றைய பெற்றோர் கவனிக்க வேண்டியது அதைத்தான். கார்ன்வால்காரரின் வேலையறிவுக்கு உலகச் சந்தையில் பெயர் இருந்தது. கோலார் பிடிக்காவிட்டால் ஜோகன்னஸ்பர்க் போவேன் என்று அவரால் சொல்ல முடிந்தது. மூன்று தலைமுறையாக அதே பாறையைத் துளையிட்டு, அது உறுமும் ஓசையை வைத்தே வெடிக்கப்போகிறதா என்று சொல்லத் தெரிந்த தமிழ்த் தொழிலாளியின் அறிவை எந்தத் தாளும் பதிவு செய்யவில்லை. வேறு முதலாளி கேட்க ஆளில்லாத திறமைக்கு விலையை ஒரே முதலாளிதான் வைப்பான்.

அப்படியிருந்தும் அந்தக் கூலியை மட்டமாகப் பேசுவது நியாயமாகாது. ஊரில் ஆண்டையின் களத்தில் நெல்லாக அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு நின்றவருக்கு இங்கே காசாகக் கையில் வந்தது. அந்தக் காசில் பள்ளி வந்தது, படிப்பகம் வந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலை சுரங்கத் தொழிலாளர் நடுவில் முளைத்தது. பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1920களில் மீண்டும் இந்த ஊரில் இருந்தே ஜி. அப்பாதுரையார் நடத்தினார். நல்ல வேலை என்றால் தலைநிமிர்ந்து நடக்கவிடும் வேலை என்ற பொருள் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. 1930இல் நிர்வாகம் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்யப் பார்த்தபோது மூன்று வாரம் வேலையை நிறுத்தி அதைத் திரும்பப் பெறவைத்தார்கள். குற்றவாளி போல ரேகை வைக்க மாட்டோம் என்பதற்காகக் கூலியையே விட்டவர்கள் அவர்கள்.

உடம்பு கொடுத்த விலை வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் நோய்க்கு 1940இல் மைசூர் அரசு இழப்பீட்டு விதி கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. ஆபத்தான வேலைக்கு அதிகச் சம்பளம் என்று பொருளாதாரப் பாடத்தில் ஒரு விதி உண்டு. தங்கவயலில் நூறு ஆண்டு தேடினாலும் அந்த விதிக்கு ஆதாரம் கிடைக்காது. இங்கே சம்பளம் ஏறிய போதெல்லாம் சங்கம் கட்டிப் போராடித்தான் ஏறியது.

இனி மூடிய கதை. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது, ஐந்தாறு சவரன். கடைசிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அரைச் சவரன்கூட இல்லை. அந்த அரைச் சவரனுக்காகக் கல்லைக் கிலோமீட்டர் கணக்கில் மேலே ஏற்ற வேண்டும், தண்ணீரை இறைக்க வேண்டும், குளிர்காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசுக்குப் போயின, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. முதலாளி மாறிக்கொண்டே இருந்தார், பாறை மாறவில்லை. 1992இல் நலிந்த தொழில் வாரியத்திடம் போன நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. அப்போது உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 270 டாலர் அளவில் கிடந்தது. 2025 அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியது. இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி ஏறும் என்று அன்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எந்தத் துறைக்குப் பத்தாண்டு கழித்து மவுசு இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பும் முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடியபோது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டாலும் எல்லோரும் ஒரே மாதிரி விழவில்லை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், சர்வேயர், நர்ஸ் என்று வெளியிலும் பெயருள்ள வேலை பார்த்தவர்களுக்குப் பெங்களூரிலோ ஓசூரிலோ வளைகுடாவிலோ ஏதோ ஒரு வாசல் இருந்தது. மேனேஜர், ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர் என்று சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு ராய்ச்சூர் ஹட்டி சுரங்கம், ஜார்க்கண்டின் யுரேனியச் சுரங்கம், ராஜஸ்தானின் துத்தநாகச் சுரங்கம் போன்ற இடங்களில் செல்லுபடியாகும் தாள் இருந்தது. டிராலி தள்ளியவர், சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுத்தவர், கல் அள்ளியவர் ஆகியோரிடம் பழகிய கை மட்டுமே இருந்தது. அதைக் கேட்கும் சுரங்கம் பக்கத்தில் இல்லை. அவர்களில் பலர் பெங்களூர்க் கட்டடங்களின் காவல்காரர்களாக ஆனார்கள். சுரங்கத்தில் அவர்கள் வாங்கிய சம்பளம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அது நிரந்தர வேலை, வீடு, ஆஸ்பத்திரி, பள்ளி எல்லாம் சேர்ந்தது. வாட்ச்மேன் வேலையில் சம்பளம் மட்டும்தான்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு விடியும் முன் போனால் அடுத்த தலைமுறையைப் பார்க்கலாம். பெட்டி நகரும் முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்தாகிவிட்டது. டிபன் பை மடியில், செல்போன் கையில், கண் பாதி மூடியிருக்கும். சாம்பியன் ரீஃபில் கொஞ்சம், உரிகத்தில் கொஞ்சம், கோரமண்டலில் கொஞ்சம் என்று ஏறி, பங்காரப்பேட்டை போவதற்குள் நிற்க இடம் இருக்காது. சுரங்கத்துக்காக 1894இல் போட்ட பாதை இது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கூட்டம் இறங்கி மெட்ரோவுக்கு ஓடும், கே.ஆர். புரம், கன்டோன்மென்ட் என்று மற்றவர்கள். துணிக்கடை, ஆஸ்பத்திரி, கால் சென்டர், கணக்கு ஆபீஸ், சாஃப்ட்வேர் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஆள் போகிறது. ஒருவழிக்கு இரண்டு இரண்டரை மணி நேரம். திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்தால் மறுபடி அலாரம்.

இங்கே ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்க்க வேண்டும். பெங்களூரில் மாதம் 25,000 ரூபாய், மாதம் 26 நாள், வேலை 9 மணி, பயணம் 5 மணி என்று வைத்துக்கொள்வோம். ஆக நாளுக்கு 14 மணி நேரத்தை வேலைக்குக் கொடுக்கிறோம். மணிக்கு 69 ரூபாய் ஆகிறது. தங்கவயலிலேயே ஒருவருக்கு 18,000 ரூபாய் சம்பளம், 8 மணி வேலை, போக வர ஒரு மணி என்றால் மணிக்கு 77 ரூபாய். ரயில் சீசன் டிக்கெட் மலிவாக இருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை. பெங்களூரிலேயே தங்கிவிடலாம் என்றால் வாடகையோ பி.ஜி. கட்டணமோ அதே அளவைத் தின்றுவிடுகிறது. பெங்களூருக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. மேலே ஏறும் படி அங்கேதான் இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்தும் அதே 25,000 பக்கத்திலேயே நிற்கும் வேலைக்காக அந்த ஐந்து மணி நேரத்தைத் தினமும் கொடுக்காதீர்கள் என்கிறேன். பயணம் செய்யத் தகுந்த வேலை, ஆண்டுக்கு ஆண்டு புதிதாக ஒன்றைக் கற்றுத்தரும் வேலை.

சாஃப்ட்வேர் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் நேராகப் பார்ப்போம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிய பட்டதாரிக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசியை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். பன்னிரண்டாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் நடுத்தர, மேல்தட்டு ஊழியர்களே அதிகம். இன்னொரு பக்கம், வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்த வேலைக்காக இங்கே வைத்திருக்கும் மையங்கள், ஜி.சி.சி. என்று சொல்கிறார்களே, அவை நாட்டில் 1,700க்கும் மேல் ஆகிவிட்டன. பத்தொன்பது லட்சம் பேர் அவற்றில் வேலை பார்க்கிறார்கள். அதிக மையங்கள் பெங்களூரில்தான். சம்பளமும் அங்கே கூடுதல். ஆனால் அவர்கள் கூட்டமாக ஆள் எடுப்பதில்லை. குறிப்பிட்ட வேலையைச் செய்து காட்டத் தெரிந்தவரை எடுக்கிறார்கள். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, 2030க்குள் உலகில் 17 கோடி புது வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும் என்று கணக்கிட்டது. கூட்டினால் லாபம்தான். ஆனால் போகிற வேலையில் இருப்பவரும் வருகிற வேலைக்குப் போகிறவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. 2001இல் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் நூறு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கம் மூடியது. கல் உடைத்த கைக்கு அந்த வளர்ச்சி எதையும் கொடுக்கவில்லை. அவர் பிள்ளைகளுக்குத்தான் ஓரளவு கொடுத்தது.

கோலார் மாவட்டத்துக்குள்ளேயே வந்த புதுத் தொழிற்சாலைகளின் கதை இன்னும் கூர்மையானது. நரசாபுரத்தில் ஐஃபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12ஆம் தேதி தொழிலாளர் கொதித்தெழுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள். ஒப்பந்த ஏஜென்சிகள் வழியாகச் சேர்க்கப்பட்டவர்கள். பேசிய சம்பளம் ஒன்று, கணக்கில் விழுந்தது ஒன்று, 12 மணி நேர ஷிப்ட் வேறு. இன்ஜினியரிங் முடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சம்பளம் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 2023இல் அந்த ஆலை டாடா கைக்கு வந்தது. உலகிலேயே விலை உயர்ந்த போன்களில் ஒன்றைச் செய்த இடம் அது. பொருளின் விலை உயர்ந்தால் செய்கிறவரின் சம்பளம் உயரும் என்று எண்ணுவது தங்கத்தில் பொய்த்தது போலவே போனிலும் பொய்த்தது. வேலைக்குச் சேரும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆஃபர் லெட்டரில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பதை. ஆலையின் பெயரா, ஏஜென்சியின் பெயரா?

அந்த வித்தியாசம் ஊருக்குள்ளேயே பெமல் வாசலில் தெரியும். 1964இல் தொடங்கிய இந்தப் பொதுத்துறை நிறுவனம் இங்கே புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலுக்கு மிஞ்சிய பெரிய வேலைவாய்ப்பு இதுதான். நிரந்தர ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நிற்பார்கள். சம்பளத்திலும் ஓய்வுக்காலப் பாதுகாப்பிலும் அவர்களுக்கு நடுவே பெரிய பள்ளம். அரசின் பங்கை விற்கும் பேச்சு 2016 முதல் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெமல் அப்ரென்டிஸ் கிடைத்தால் பிள்ளை அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கைக்காக எடுக்க வேண்டாம். அங்கே கிடைக்கும் ஹைட்ராலிக்ஸ், வெல்டிங், சி.என்.சி. பயிற்சியை ஓசூரும் பெங்களூர் பீன்யாவும் மதிக்கும் என்பதற்காக எடுக்கட்டும்.

அரசு வேலை என்றால் கன்னடம் வேண்டும். இதைத் தங்கவயல் தமிழர்கள் வலியோடுதான் பேசுகிறார்கள். தமிழ்வழிப் பள்ளிகள் சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது அந்த வலி எனக்கும் உண்டு. என்றாலும் கர்நாடக அரசுத் தேர்வுகளில் கன்னடத் தாள் கட்டாயம். வீட்டில் தமிழும் தேர்வுக்குக் கன்னடமும் பழுதில்லாமல் எழுதும் பிள்ளைக்கு எல்லை தாண்டி இரண்டு பக்கமும் வாசல் திறக்கும். இரண்டையும் பேச்சோடு நிறுத்திவிடும் பிள்ளைக்கு இரண்டும் மூடிக்கொள்ளும்.

நர்சிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த பாதை. புதிதாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஜெர்மனி 2024 அக்டோபரில், திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இல் இருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. நர்சுகளுக்கு அங்கே பெரிய பற்றாக்குறை. பி.2 நிலைவரை ஜெர்மன் படிக்க ஓராண்டாவது பிடிக்கும். லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்குக் கொடுப்பதைவிட அந்த ஓராண்டை மொழிக்குக் கொடுப்பது மேல்.

யாரும் பேசாத வாசல் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. உரிகத்தில் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் இருக்கிறது. சுரங்கவியல் டிப்ளமோ தருகிறது. அதே உரிகத்து திம்மையா பொறியியல் கல்லூரியில் மைனிங் இன்ஜினியரிங் பட்டப்படிப்பு உண்டு. சுரங்கம் மூடிய ஊரில் சுரங்கப் படிப்பா என்று பெற்றோர் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. அப்பா இருமி இருமிச் செத்த வீட்டில் மகனை எப்படி அந்தப் படிப்புக்கு அனுப்புவார்கள்? ஆனால் இந்தத் துறையில் சம்பளம் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டப்படி சான்றிதழ் பெற்ற மேனேஜர், ஃபோர்மேன், மேட் இல்லாமல் சுரங்கம் இயங்கக் கூடாது. ஆகவே அந்தச் சான்றிதழை வைத்திருப்பவரை எந்த முதலாளியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையை நடத்த முடியாது. அன்று கார்ன்வால்காரரிடம் இருந்த பலம் இதுதான், இன்று அது பரீட்சை எழுதினால் கிடைக்கும். 2019 முதல் பெண்களும் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை பார்க்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. லித்தியம், கோபால்ட் போன்ற முக்கியக் கனிமங்களுக்காக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 16,300 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. மெட்ரோ சுரங்கப்பாதை, மலைக்குள் ரயில்பாதை எங்கும் பாறை தெரிந்த ஆள் தேவை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே தங்கவயலில் 1988இல் பிறந்து, பிறகு பெங்களூருக்குக் குடிபெயர்ந்ததுதான்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் சுரங்கம் மூடிய அடுத்த ஆண்டு, 2002இல், அதுவும் மூடியது. இன்று அதற்குள் பெரிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. தண்ணீரை இறைத்துக் காயவைத்து வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு நம் சுரங்கத்துக்கும் புதிதல்ல. வானில் இருந்து வரும் கதிர்கள் உண்டாக்கும் நியூட்ரினோவை 1965இல் முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று கோலார் சுரங்கம். டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய சோதனை அது. நாமோ பம்புகளை நிறுத்தினோம். சுரங்கம் நீரில் மூழ்கியது. மூவாயிரம் குடும்பத்தின் வேலையோடு எதிர்காலத்தில் வந்திருக்கக்கூடிய சில நூறு உயர்ந்த வேலைகளையும் சேர்த்தே மூழ்கடித்தோம்.

இப்போது எல்லோர் கண்ணும் சயனைடு மேடுகள் மீது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான மண் மலைகளாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுச் சோற்றில் விழும். 13 மேடுகள் உள்ள ஆயிரம் ஏக்கர் நிலத்தில் மிச்சத் தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. மறுபடி வேலை வரும் என்று ஊரில் பேச்சு. மண்ணை இயந்திரம் அள்ளும், குழாய் கொண்டுபோகும், ஆலை கரைக்கும். பழைய சுரங்கம் போல ஆயிரக்கணக்கில் ஆள் வைக்கும் தொழில் இது கிடையாது. வருகிற சில நூறு வேலைகளில் சம்பளம் உள்ளவை வேதியியல் ஆய்வகம், இயந்திரப் பராமரிப்பு, சுற்றுச்சூழல் அளவீடு, பாதுகாப்பு மேற்பார்வை. மீதி டிரைவரும் காவலும். டெண்டர் போடும் முன்பே நகரசபையும் சங்கங்களும் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். முதலாவது, உள்ளூர் டிப்ளமோ மாணவருக்குச் சம்பளத்தோடு அப்ரென்டிஸ் பயிற்சி. அந்தப் பயிற்சி சுரங்கப் பாதுகாப்பு இயக்ககச் சான்றிதழுக்கான அனுபவமாகக் கணக்கில் ஏற வேண்டும். இரண்டாவது, ஏஜென்சி வழியாக வருகிறவருக்கும் அதே வேலைக்கு அதே சம்பளம். மூன்றாவது, மேட்டைக் கிளறும்போது கிளம்பும் தூசிக்குத் தொழிலாளருக்கும் பக்கத்துக் காலனிகளுக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி ஹொஸ்கோட்டையில் இருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை 2024 டிசம்பரிலேயே திறந்துவிட்டது. அதை ஒட்டித் தொழிற்பேட்டைகள் வரும்போதும் இதே மூன்றையும் கேட்க வேண்டியிருக்கும். ஆலைக்கு அடிக்கல் நட்ட பிறகு கேட்டால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்காது.